இருபது குதிரைவலு மோட்டார் ஒன்றை இரவல் வாங்கியது

1993 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40. வாடைக்காற்று, காலையிலிருந்து விடாத தூறல், வாவி மண்நிறம். ஆரையம்பதிக்கு அப்பால் வாவிக்கரையில் நின்ற எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் பெரிய ஜெனரேற்றரை அந்த நேரத்தில்தான் நிறுத்தினோம். டீசல் தாங்கிக்குள் தடியை விட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை நனைந்திருந்தது. மூன்றோ என்ற சந்தேகத்தில் துடைத்துவிட்டு மீண்டும் விட்டேன். நாலுதான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க தம்பிராசா," என்றார் மனேஜர் பிரான்சிஸ் ஐயா.

"நாலு விரல் ஐயா."

எதையும் இரண்டு முறை சொல்ல வைப்பது அவருடைய வழக்கம். இரண்டாம் முறை இலக்கம் மாறினால் ஏச மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதற்கு ஏச்சே பரவாயில்லை. தொழிற்சாலைக்கு உள்ளேயும் அவர் கையில் குடை இருக்கும், ஏனென்றால் ஐஸ் கிடங்கின் கூரை எந்தக் காலத்திலும் சொட்டும். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை, மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கர், மெதுவான பேச்சு. அன்று இலக்கம் மாறவில்லை. ஆனாலும் எழுந்து போய், வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

எங்கள் மின் வேலையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "தொழிற்சாலைகளில் மின்செலவைக் குறைக்க மோட்டார் தெரிவு செய்வது எப்படி" என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். இப்போது மோட்டாரின் தகட்டிலேயே அதன் திறன் எந்த வகுப்பு என்று பொறித்து வருகிறது. கைத்தொலைபேசியில் நாலு இலக்கத்தைத் தட்டினால் எது வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பிறகு என்னை எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் முணுமுணுத்தேன். என் மனைவி, "எழுதினாத்தான் வாய் ஓயும்," என்றாள். எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மோட்டாரைப் பற்றித்தான்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொழினுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம், எரிந்த மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் கடை ஒன்றில் மூன்று வருடம், பிறகு ஐஸ் தொழிற்சாலை. அந்தக் கடையில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர் நவரெத்தினம். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள். அவர் பிறகும் வருவார்.

அந்த நவம்பரில் எங்கள் நிலைமை இதுதான். பிரதான மின்சாரம் வாரத்தில் பாதி நாள் இல்லை, வந்த நாளிலும் அதை நம்பி ஐஸ் போட முடியாது. டீசல் அனுமதிப் பத்திரத்துக்குத்தான், வாரத்துக்கு மூன்று பீப்பாய். பெரிய ஜெனரேற்றர் மணிக்குப் பதினொரு லீற்றர் குடித்தது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு இரண்டு தடவைதான் ஐஸ் உறைய வைக்கலாம். மீனவர்களுக்கு நாலு தடவை வேண்டும். கொழும்பில் இருந்த முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார்: தைப்பொங்கலுக்குள் நாலு தடவை ஐஸ் எடுக்க முடியாவிட்டால் இயந்திரங்களைக் கழற்றி நீர்கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். நாங்கள் பதினாலு பேர் அங்கே வேலை செய்தோம். பதினாலு பேரில் ஒருவருக்கும் வேறு வேலை கண்ணில் தெரியவில்லை.

சின்ன ஜெனரேற்றர் ஒன்றும் இருந்தது. அதன் வலு முப்பது கே.வி.ஏ., மணிக்கு ஆறு லீற்றர்தான் குடிக்கும். அதில் ஓட்டினால் மூன்று பீப்பாயில் நாலு தடவை ஐஸ் எடுத்துவிடலாம். ஆனால் அது எங்கள் மோட்டார்களைத் தாங்காது. ஐஸ் கொம்பிரசரின் முப்பது குதிரைவலு மோட்டாரை முடுக்க ஆளியை, அதுதான் சுவிட்சை, தட்டினால் போதும், சின்ன ஜெனரேற்றர் ஒரு முறை இருமிவிட்டு நின்றுவிடும்.

இதில்தான் எங்கள் ஊர்க்காரர்களின் பிழை ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டோம். அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுதிரி, தீப்பெட்டி. மோட்டாரும் அப்படித்தான். மின்னழுத்தம் குறைந்து ஒரு மோட்டார் எரிந்தால், அடுத்தது இதைவிடப் பெரிசாக இருக்கட்டும், அப்போதுதான் எரியாது என்று பெரிசைப் பூட்டினோம். ஐஸ் பெட்டிகளைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரைக் கலக்குவதற்கு மூன்று குதிரைவலு போதும், ஏழரை நின்றது. தண்ணீர் பம்புக்கு ஐந்து போதும், பத்து நின்றது. கொம்பிரசருக்கு முதலில் வந்தது இருபது. இப்போது நின்றது முப்பது, அதுவும் நாலு தடவை எரிந்து நாலு தடவை கம்பி மாற்றியது. ஒவ்வொரு தடவையும் பழைய கம்பியை நெருப்பு வைத்துத்தான் கழற்றுவோம். அந்த நெருப்பில் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளும் கெட்டுப்போகும். அப்படிப்பட்ட மோட்டார் ஓடும், ஆனால் தின்பது கூடும்.

ஐஸ் பெட்டி தூக்கும் கணபதிப்பிள்ளை என்னிடம் கேட்டார்: "தம்பிராசா அண்ணன், மூணு குதிர இழுக்கிற வண்டியில ஏழரக் குதிர பூட்டினா மிச்சம் நாலரையும் என்ன செய்யும்?"

"நிண்டு புல்லுத் திங்கும்."

"அப்ப எங்கட டீசலத் திண்டது அதுகள்தானா! நான் மனேஜரிலயெல்லோ சந்தேகப்பட்ட!"

பிரான்சிஸ் ஐயா பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டார். சிரிக்கவில்லை. "தம்பிராசா, எல்லாரையும் அளந்து பாருங்க," என்றார். அவர் மோட்டார்களை அஃறிணையில் பேச மாட்டார். 'இவர்' என்பார். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. புறங்கை வைப்பதற்குக் காரணம் உண்டு. மின்கசிவு இருந்தால் விரல்கள் சுருங்கும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொண்டுவிடும், புறங்கை என்றால் விலகிவிடும். ஆனால் அவர் கை வைக்கும் விதத்தைப் பார்த்தால் இந்தக் காரணம் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் மீற்றர் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. மூன்று நாள் அளந்தேன். கொம்பிரசர் வெறுமையாக ஓடும்போது, பாரத்தோடு ஓடும்போது, உப்புத் தண்ணீர் சூடாக இருக்கும்போது, குளிர்ந்த பிறகு. முப்பது குதிரைவலு மோட்டாருக்கு அந்தக் கொம்பிரசர் கொடுத்த வேலை பதினைந்தரைக் குதிரைவலு. பதினைந்தரை! அதற்கு அது முப்பது அம்பியர் இழுத்தது. கம்பி மாற்றாத நல்ல இருபது குதிரைவலு மோட்டார் என்றால் இருபத்திரண்டு அம்பியரில் அதே வேலையைச் செய்யும். பம்புக்கும் கலக்கிக்கும் அளவான மோட்டார்கள் எங்கள் பழைய சாமான் அறையிலேயே கிடந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் வேண்டிய மின்சாரம் முப்பத்தைந்து கே.வி.ஏ.யிலிருந்து இருபத்து நாலுக்கு இறங்கும். சின்ன ஜெனரேற்றர் தாங்கும்.

இளம் ஆட்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சின்ன மோட்டார் நல்லது என்று நான் சொல்லவில்லை. பாரத்தை அளந்து, அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு எடுப்பதுதான் நல்லது. இருபதில் பதினைந்தரை என்பது அப்படிப்பட்ட கணக்கு. எந்தப் பாரம் என்று தெரியாமல் தகட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவன் பெண் பார்க்காமல் கூறைப்புடவை எடுக்கிறவன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றார் ஐயா.

சொன்னேன். இலக்கம் மாறவில்லை.

"அப்ப இருபது ஒண்டு வேணும். கம்பி மாத்தாதது. எங்க இரிக்கி?"

கொழும்பிலிருந்து மோட்டார் எடுப்பதற்கு அனுமதிக்குப் போட்டு, வந்து சேர மூன்று மாதம். எங்களுக்கு இருந்தது இரண்டு. எனக்குத் தெரிந்து அந்தக் கரையில் அப்படிப்பட்ட மோட்டார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நவரெத்தினத்தின் நெல் ஆலையில் நின்றது.

நவரெத்தினம் கடையை விட்டுப் போய்த் தன் மனைவி சிவபாக்கியத்தின் சீதனக் காணியில் சின்ன ஆலை போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாரும் முப்பது வாங்கு, நாற்பது வாங்கு என்றார்கள். அவர் ஒரு வாரம் வேறு ஆலைகளில் போய் நின்று அளந்துவிட்டு இருபது வாங்கினார். "நாலு பேர் சாப்பிடுற வீட்டில நாப்பது பேருக்கு உலை வைக்கிறல்ல," என்றார். அந்த மோட்டார் ஒருநாளும் எரியவில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆலை நின்றது.

நான் தனியாகப் போகத்தான் நினைத்தேன். ஐயாவும் வருவேன் என்றார். சைக்கிளின் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் இருக்க, எதிர்க்காற்றில் நான் மிதித்தேன். குடையை மடக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிவபாக்கியம் எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள். விசயத்தைச் சொன்னேன். அவள் ஆலையைத் திறந்து காட்டினாள். கூரை ஓடுகள் பாதி போயிருந்தன. ஆனால் மோட்டாருக்கு மேலே மட்டும் இரண்டு தகரம் சாய்த்து, அதற்கு மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடியிருந்தது. உடம்பில் சந்தனப் பொட்டு, சரஸ்வதி பூசைக்கு வைத்தது. பிரான்சிஸ் ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வழக்கம்போலப் புறங்கையை வைத்தார்.

"என்ன ஐயா, காய்ச்சல் பாக்கிறீங்களா?" என்றாள் சிவபாக்கியம். "மூணு வருசமா ஓடாதவருக்கு எங்கால காய்ச்சல்?"

ஐயா வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். நான் அச்சைச் சுற்றிப் பார்க்கக் குனிந்தேன். மூன்று வருடம் நின்ற மோட்டாரின் அச்சு இறுகியிருக்கும், பெயாரிங் ஒரே இடத்தில் பாரம் தாங்கிக் குழி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விரலால் தொட்டதும் வெண்ணெய்போலச் சுற்றியது.

"வெள்ளிக்கு வெள்ளி பத்துத் தரம் கையால சுத்திவிடுறன் அண்ணன்," என்றாள். "ஆல சும்மா நிக்கிற நாளில அப்பிடிச் செய்யோணுமெண்டு அவர் சொல்லித்துத்தான் போனவர். அதுக்கென்ன, சுத்தினாப் போச்சு."

நான் அச்சை இன்னொரு முறை சுற்றினேன். ஐயா வெளியே பார்த்தார்.

"விலைக்குத் தாங்க தங்கச்சி," என்றேன், சொல்ல வேண்டுமே என்பதற்காக.

"வித்துப்போட்டு, அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?"

"சரி. வாடகைக்கு?"

"அவர் இல்லாததுக்கு மாசா மாசம் கூலி வாங்கச் சொல்றீங்களா?" கோபமில்லை, அப்படியே கேட்டாள். பிறகு மோட்டாரைப் பார்த்தாள். "உங்கட ஐசு பக்டரி பூட்டினா எத்தின குடும்பம்?"

"பதினாலு."

"இரவலாக் கொண்டு போங்க. ஓடுற மோட்டாருக்கு நிண்டு கிடக்கிறதும் கஸ்டம்தானே. ஆனா போற மாதிரியே வரோணும். எரிச்சுப்போட்டு வேற கம்பி சுத்திக் கொண்டு வாற வேல வேணாம். அவர் தொட்டுப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவாரு. அவர் வந்தாரெண்டு நான் சொல்லி அனுப்பினா, அண்டைக்கே இது இஞ்ச நிக்கோணும்."

"நிற்கும் அம்மா, நான் பொறுப்பு," என்றார் ஐயா.

"நீங்க நல்ல மனிசன் ஐயா. ஆனா நாளைக்கு உங்கள மாத்திப் போடுவாங்க. முதலாளிய நான் கண்டதேயில்ல." என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணன். உங்கட வாயால."

சொன்னேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் எழுத்துக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றி வந்தபோது இராணுவக் காவலரணில் மறித்தார்கள். இரும்பு உருளைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஐயா சிங்களத்தில் நெல் ஆலை என்றார், ஐஸ் என்றார், மீன் என்றார். மூன்றுக்கும் தொடர்பு புரியாமல் அங்கே நின்ற சிப்பாய்ப் பொடியன் துவக்கை மாற்றிப் பிடித்தான். கடைசியில் நான் அச்சைக் கையால் சுற்றிக் காட்டினேன். அவனும் குனிந்து ஒரு முறை சுற்றிப் பார்த்தான். சத்தமில்லாமல் சுற்றியது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை சுற்றிவிட்டுப் போகச் சொன்னான்.

பூட்டுவது லேசான வேலையல்ல. இரவல் மோட்டாரின் கால் துளைகள் பழைய இருக்கையோடு பொருந்தாது. இரும்புச் சட்டம் அடித்தோம். அச்சு மெல்லியது, பழைய கப்பியின் துளைக்குள் உள்வளையம் கடைந்து போட்டோம். பெல்ட் நேராக ஓடுகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். அதிக மின்னோட்டம் வந்தால் தானாக நிறுத்தும் றிலேயை இந்த மோட்டாரின் தகட்டில் இருந்த இருபத்தொன்பது அம்பியருக்கு இறக்கி வைத்தேன். பலர் மோட்டாரை மாற்றிவிட்டு றிலேயை மறந்துவிடுவார்கள். அப்படி விட்டால் சின்ன மோட்டார் எரிந்துகொண்டிருக்கும், றிலே பார்த்துக்கொண்டிருக்கும்.

சின்ன ஜெனரேற்றரை முடுக்கி, கொம்பிரசரின் பாரத்தை விலக்கிவிட்டு, ஆளியைத் தட்டினோம். விளக்குகள் மங்கின. ஜெனரேற்றர் இருமியது. பதினாலு பேரும் மூச்சுப் பிடித்து நின்றோம். பிறகு மோட்டார் வேகம் எடுத்தது, விளக்குகள் நிமிர்ந்தன. மீற்றர் இருபத்திரண்டரை காட்டியது. நான் சொன்னதைவிட அரை கூட. அந்த அரைக்கு இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

"இருபத்திரண்டெண்டெல்லோ சொன்னீங்க?" என்றார் ஐயா. ஆனால் குடையை எடுக்கவில்லை. புறங்கையை மோட்டாரில் வைத்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே நாலு தடவை ஐஸ் எடுத்தோம். முதலாளி நீர்கொழும்புப் பேச்சை விட்டார். எனக்குத்தான் நித்திரை இல்லை. மற்ற மோட்டார்கள் எரிந்தால் கம்பி சுற்றலாம். இது எரிந்தால் சிவபாக்கியத்தின் வாசலில் நான் எப்படி நிற்பது? அளவான மோட்டாரில் ஒரு குறை உண்டு. மறைக்காமல் சொல்கிறேன். பெரிய மோட்டார் தடுமாற்றத்தைப் பொறுத்துப்போகும். அளவானதற்கு அவ்வளவு இடம் இல்லை. பக்கத்தில் ஆள் வேண்டும்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முதல் நாள் அப்படியொரு தடுமாற்றம் வந்தது. அந்த வார டீசல் முடிந்திருந்தது. பிரதான மின்சாரம் வந்திருந்தது, ஆனால் நோயாளியாக வந்திருந்தது: நானூறு வோல்ற்று வரவேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பத்து. அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்ய மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கும். மீற்றர் முப்பத்தொன்று காட்டியது. றிலே இரண்டு தடவை நிறுத்தியது. நத்தார்ச் சந்தைக்கு மீன் ஏற்ற நூற்றிருபது கட்டி ஐசுக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்டிகளில் தண்ணீர் பாதிதான் உறைந்திருந்தது. மீனவர் சங்கத் தலைவர் சாமித்தம்பி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர்.

"அந்த நிப்பாட்டுற சாமானக் கொஞ்சம் ஏத்தி வையுங்களன்," என்றார் சாமித்தம்பி. "எனக்கும் தெரியும், அதில ஒரு திருகாணி இரிக்கி."

இருந்தது. முப்பத்தைந்துக்குத் திருகிவிட்டால் மோட்டார் ஓடும். ஓர் இரவு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். முதலாளியின் மோட்டார் என்றால் எந்த மனேஜரும் திருகியிருப்பார்.

பிரான்சிஸ் ஐயா புறங்கையை வைத்தார். வைத்த உடனே எடுத்தார். "இவ்வளவு காய்ச்சலோட இவருக்கு வேலை குடுக்கேலாது," என்று சொல்லி ஆளியை அவரே இழுத்தார். எல்லாம் நின்றது. கூரை சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு மோட்டாருக்காக எங்கட மீன அழுக விடுறீங்களா?" சாமித்தம்பியின் குரல் உடைந்தது. "ஐயா, உங்கட பெருநாளுக்குத்தானே மீன் கொண்டாறம்?"

ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது. கட்டளை இல்லை, இரண்டாம் முறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற பார்வை.

"மின்சாரத்தக் கூட்டேலாது ஐயா," என்றேன். "வேலையக் குறைக்கலாம். மோட்டார்ப் பக்கத்துக் கப்பியச் சின்னதாப் போட்டா கொம்பிரசர் மெதுவாச் சுத்தும். பாரம் குறையும். ஐஸ் சுணங்கும், ஆனா வரும்."

"இன்னொருக்கா."

சொன்னேன்.

பத்து அங்குலக் கப்பியைக் கழற்றி எட்டு அங்குலம் போட வேண்டும். எங்களிடம் இருந்த எட்டு அங்குலக் கப்பி, ஓடாமல் கிடந்த பழைய பம்பு ஒன்றில் நின்றது. கணபதிப்பிள்ளை கழற்ற, சாமித்தம்பியின் ஆட்களே விளக்குப் பிடிக்க, துளையை அரத்தால் ராவிப் பூட்டினோம். சாமித்தம்பி என் தலைக்கு மேலே நின்று, "கெதியா மனே, கெதியா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அவரை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

தட்டினோம். கொம்பிரசர் கிழவன்போல மெதுவாகச் சுற்றியது. மீற்றர் இருபத்தைந்து. ஐயா பக்கத்தில் ஒரு பலாப் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்சத்துக்கு ஒரு தடவை புறங்கை. நள்ளிரவுப் பூசைக்கும் அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஊரடங்கு வேறு, ஆனால் அது இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டார்.

விடிய ஐஸ் எடுத்தோம். முழுதாக உறையவில்லை, ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் தண்ணீர் நின்று, கவிழ்த்ததும் ஊற்றி, ஓட்டை விழுந்தது. சாமித்தம்பி ஒரு கட்டியைத் தூக்கி ஓட்டைக்குள்ளால் ஐயாவைப் பார்த்தார்.

"உளுந்து வடையெல்லோ சுட்டிரிக்கீங்க!"

இருபது பேரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். நூற்றிருபது வடையும் போயின. மீன் அழுகவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஓட்டை விழுந்த ஐசுக்குப் பிரான்சிஸ் வடை என்றே பெயர்.

மோட்டார் எரியவில்லை. பிறகும் எரியவில்லை. ஒன்பது வருடம் ஓடியது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் அதன் கம்பிக் காப்பு மின்கசிவைத் தடுக்கிறதா என்று அளந்தேன். சிவபாக்கியத்திடமிருந்து ஆள் வருகிறதா என்றும் பார்த்தேன். வரவில்லை. பிரான்சிஸ் ஐயா இடையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றேன்.

சமாதானம் என்று பேசிய 2002இல் நல்ல மின்சாரம் வந்தது. பெரிய ஐஸ் தொழிற்சாலைகளும் வந்தன. முதலாளியின் மகன் எங்களுடையதை மூடி, எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்கு நிறையில் விற்றான். கேள்விப்பட்டு ஓடினேன். இந்த மோட்டார் இரவல் என்றேன். "எழுத்து இரிக்கா அங்கிள்?" என்றான், மரியாதையாகத்தான். இரும்புக்காரனின் தராசில் மோட்டார் ஏற்கெனவே ஏறியிருந்தது. செம்புக் கம்பி கிடக்கிறது என்று மற்ற இரும்பைவிட அதற்குக் கூட விலை சொன்னான். நான் பேரம் பேசுகிற ஆள். அன்று பேசவில்லை.

புதுப் பெயாரிங் போட்டு, துடைத்து, லான்ட்மாஸ்டரில் ஏற்றிக் கொண்டு போனேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சிவபாக்கியம் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டாள். பெட்டியில் மோட்டாரைக் கண்டாள். ஓடி வந்தாள். என்னைத் தாண்டி, வண்டியைத் தாண்டி, வீதிவரைக்கும் போய் அங்கும் இங்கும் பார்த்தாள். அவர் வந்தால்தான் மோட்டார் வரும் என்பது எங்கள் பேச்சு. அவர் வந்து, நேரே எங்களிடம் போய், மோட்டாரோடு வருகிறார் என்று நினைத்துவிட்டாள்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அவளே திரும்பி வந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "பக்டரி பூட்டியாச்சா அண்ணன்?" என்றாள்.

"ஓம் தங்கச்சி."

"கம்பி?"

"அவர் விட்ட கம்பிதான்."

"அப்ப இறக்குங்க. அந்த இடத்திலயே வையுங்க. அவருக்கு இடம் மாறினாப் பிடிக்காது."

நாலு பேர் சேர்ந்து இறக்கி, பழைய ஆணிகளிலேயே பூட்டினோம். தேத்தண்ணி தந்தாள். போகும்போது, "உங்களுக்கு ஏதும் செலவா அண்ணன்?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல," என்றேன். நான் எதையும் எண்ணுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நம்பினாள், அல்லது நம்பியதுபோல விட்டுவிட்டாள். இரும்புக்காரனுக்கு, லான்ட்மாஸ்டருக்கு, இரண்டு பெயாரிங்குக்கு, எல்லாமாக ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபா.